கடல் சூடாவதை ஆடிக்காட்ட முடியுமா? நடனமும் நேரடி இசையும் காலநிலையைப் பேசும் முறை

காலநிலை மாநாடுகளிலும் கடல் குறித்த பன்னாட்டுக் கூட்டங்களிலும் நடனமும் இசையும் இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. விஞ்ஞானி ஒருவர் வரைபடங்களைக் காட்டிவிட்டு இறங்கிய மேடையில் சிறிது நேரத்தில் நடனக் கலைஞர்கள் ஏறுகிறார்கள். பக்கவாட்டில் இசைக்குழு அமர்கிறது. இத்தகைய செய்திகளைப் படிப்பவருக்கு எழும் ஐயம் நியாயமானது: அளவீடுகளாலும் ஒப்பந்தங்களாலும் தீர்மானிக்கப்படும் ஒரு விவகாரத்தில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் என்ன வேலை? வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. இது வெறும் அலங்காரம் என்கிறது ஒரு தரப்பு. கலை மக்கள் மனத்தை மாற்றிவிடும் என்கிறது மறுதரப்பு. இரண்டுமே ஒரு முன்கேள்வியைக் கேட்காமல் தாண்டிவிடுகின்றன. கடலில் நிகழும் மாற்றத்தின் எந்தப் பண்பை உடலாலும் ஒலியாலும் உணர்த்த முடியும், எதை உணர்த்த முடியாது? இதற்கு விடை தேடுமுன் கடலில் என்ன நடக்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

கடலில் நடப்பது என்ன

1. வெப்பம் சேர்கிறது. பசுங்குடில் வாயுக்கள் பிடித்துவைக்கும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் செல்கிறது. கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் மட்டுமே ஏறக்குறைய முழு வளிமண்டலத்துக்கும் சமமான வெப்பத்தைக் கொள்ளும் திறன் உடையது. கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். நாம் மூச்சுவிடும் காற்று இன்னும் தாங்கக்கூடிய அளவில் இருப்பதற்குக் கடல் எடுத்துக்கொண்ட பங்கே முதன்மைக் காரணம்.

2. நீரின் வேதியியல் மாறுகிறது. மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. கரைந்த வாயு கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, இப்போது 8.1 அளவில் இருக்கிறது. இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது என்பதால், 0.1 என்ற சிறிய வேறுபாடு ஹைட்ரஜன் அயனிச் செறிவில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டு உயர்வைக் குறிக்கிறது. இதையே கடல் அமிலமாதல் என்கிறார்கள். நீர் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு ஓடு கட்டும் சிப்பிகளுக்கும் பவளங்களுக்கும் அந்தக் கட்டுமானம் கடினமாகிக்கொண்டே போகிறது.

3. கடல்மட்டம் உயர்கிறது. சூடான நீர் விரிவதாலும், நிலத்தின் மேலிருக்கும் பனி உருகிச் சேர்வதாலும், 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 1901–1971 காலத்தில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006–2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகியிருக்கிறது.

4. பவளத் திட்டுகள் வெளிறுகின்றன. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட உலகச் சராசரி வெப்பநிலை உயர்வு 1.5 பாகையை எட்டினால் வெப்பமண்டலப் பவளத் திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு வரையும், 2 பாகையை எட்டினால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டரசுக் குழு 2018இல் அளித்த மதிப்பீடு.

புலனுக்கு எட்டாத மாற்றம்

மேற்கண்ட மாற்றங்களுள் வெளிறிய பவளம் ஒன்றே படம் பிடிக்க வசதியானது. ஊடகங்கள் அதையே திரும்பத் திரும்பக் காட்டுவதில் வியப்பில்லை. மற்றவை கண்ணுக்குப் படுவதில்லை. ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்வு, ஒரே நாளின் ஓத ஏற்ற இறக்கத்துக்குள் சுவடில்லாமல் மறைந்துவிடும். ஆழத்துக்கு இறங்கும் வெப்பத்தைத் தானியங்கி மிதவைகளால்தான் அளக்க முடிகிறது. ஆர்கோ என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் ஏறக்குறைய 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து, பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலெழும்போது வெப்பத்தையும் உப்பின் அளவையும் பதிவுசெய்து, பத்து நாளுக்கொரு முறை செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன.

இவற்றை விடவும் புலனுக்கு அயலானது தாமதம். வாயு வெளியீட்டை இன்று நிறுத்தினாலும் கடல்மட்டம் பல நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை உயர்வு 1.5 பாகைக்குள் நின்றாலும் அடுத்த 2,000 ஆண்டுகளில் 2 முதல் 3 மீட்டர் உயர்வு ஏற்கெனவே உறுதியாகிவிட்டது என்று அதே பன்னாட்டுக் குழுவின் 2021 அறிக்கை கூறுகிறது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே இத்தனை தலைமுறைகள் இருக்கும்போது, இரண்டையும் ஒரே நிகழ்வாக மனம் பிடித்துக்கொள்வதில்லை.

வரைபடம் இதைப் பிழையின்றிக் காட்டும். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளை ஒரு பார்வையில் முடித்துவிடும் ஆற்றலே வரைபடத்தின் வலிமை. காலம் என்பது அங்கே கிடைக்கோடு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நிகழ்த்துகலையில் அந்தச் சுருக்கம் இயலாது. நாற்பது நிமிட ஆட்டத்தை நாற்பது நிமிடம் இருந்துதான் பார்க்க வேண்டும். மெதுவாகக் குவிந்து தாமதமாக வெளிப்படும் மாற்றத்தை, மெதுவாகவும் தாமதமாகவுமே அனுபவிக்கச் செய்யும் வாய்ப்பு அங்கேதான் உருவாகிறது. இத்தகைய படைப்புகளில் நம்பத்தக்க பகுதி இதுவே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நேரடி இசை எதற்கு

பதிவுசெய்த இசைக்கு ஆடும்போது காலப்பிரமாணம், அதாவது தாளம் செல்லும் வேகம், முன்பே முடிவாகிவிட்டது. ஆடுபவர் சற்றுத் தளர்ந்தாலும் இசை காத்திருக்காது. இசைக்கலைஞர்கள் மேடையிலேயே இருந்தால் நிலைமை வேறு. ஆடுபவரின் மூச்சைப் பார்த்து வாசிப்பவர் ஒரு நொடி நீட்டுகிறார். அந்த நீட்சியைக் கேட்டு ஆடுபவர் எடையை மாற்றி நிற்கிறார். அந்த மாற்றம் மறுபடி வாசிப்பைத் திருப்புகிறது. விளைவே அடுத்த காரணமாகும் இந்தச் சுழற்சியைப் பின்னூட்டம் என்கிறோம்.

கடலும் வளிமண்டலமும் இப்படித்தான் பிணைந்துள்ளன. எல் நினோ நிகழ்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: பசிபிக்கில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வணிகக் காற்று வலுவிழந்தால், மேற்கில் தேங்கியிருந்த வெந்நீர் கிழக்கே நகர்கிறது, கிழக்கு சூடாவதால் இருபுறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு குறைகிறது, அதனால் காற்று மேலும் வலுவிழக்கிறது. தொடங்கியது காற்றா கடலா என்று கேட்பதில் பொருளில்லை. இந்தப் பிணைப்பை, ஒலிப்பதிவுக்கு ஆடும் நடனத்தால் சுட்டிக்காட்ட முடியும். வாசிப்பவரும் ஆடுபவரும் ஒருவரையொருவர் இழுக்கும் மேடையில் அது உண்மையாகவே நிகழ்கிறது. செலவு கருதி இசையைப் பதிவாக மாற்றிக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அவர்களுடைய நெருக்கடி புரிந்துகொள்ளத்தக்கதுதான். ஆனால் கடலைப் பொருளாகக் கொண்ட ஒரு படைப்பில் அந்த மாற்றம் பொருளையே தொட்டுவிடுகிறது.

உடலுக்கு இன்னொரு பண்பும் உண்டு. மிக மெதுவான அசைவு வேகமான அசைவைவிடக் கடினம். ஒரு காலில் நின்றபடி கையை இரண்டு நிமிடம் எடுத்து உயர்த்துபவரின் தொடை நடுங்குவதைக் கடைசி வரிசையில் இருப்பவரும் பார்க்க முடியும். மாற்றம் மெதுவாக இருப்பதால் அது எளிதாக இருக்கும் என்ற எண்ணத்தை அந்த நடுக்கம் உடைக்கிறது.

கடல் மேடைக்கு வரும் மூன்று வழிகள்

1. தோற்றம். நீலத் துணி, அலைபோல் நெளியும் கைகள், பின்திரையில் உருகும் பனிப்பாறை. இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடல் என்ற பெயரை நினைவூட்டுவதோடு இதன் பணி முடிந்துவிடுகிறது.

2. தரவு. அளவீடுகளின் ஒவ்வோர் எண்ணையும் சுரமாகவோ அசைவாகவோ மாற்றும் முறை இது. 2013இல் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபோர்டு, 1880 முதல் 2012 வரையிலான உலகச் சராசரி வெப்பநிலையைச் செல்லோ என்னும் பெரிய வயலின் போன்ற கருவிக்கான இசையாக்கினார். ஓர் ஆண்டுக்கு ஒரு சுரம். மிகக் குளிர்ந்த ஆண்டான 1909க்கு அக்கருவியின் மிகத் தாழ்ந்த சுரம் ஒதுக்கப்பட்டது, ஏறக்குறைய 0.03 பாகை உயர்வுக்கு ஓர் அரைச்சுரம், அதாவது பியானோவில் அடுத்த கட்டைக்கான தொலைவு, ஏறியது. கேட்பவர் எந்த விளக்கமும் இல்லாமலே ஏற்றத்தை உணர்ந்துவிடுகிறார். இதே பாணியில் தரவை உடலசைவாக்கும் நடன முயற்சிகளும் உண்டு.

இந்த முறையின் நேர்மை, எண்ணுக்கும் சுரத்துக்கும் இடையே வகுக்கும் விதியைப் பொறுத்தது. அந்தச் செல்லோ இசையின் காணொளி, வெப்பநிலை இன்னும் 1.8 பாகை உயர்ந்தால் சுரங்கள் மனிதச் செவியின் எல்லையைக் கடந்துவிடும் என்ற குறிப்போடு முடிகிறது. கேட்பதற்குத் திடுக்கிட வைக்கும் செய்திதான். ஆனால் அரைச்சுரத்துக்கு 0.03 பாகைக்குப் பதிலாக 0.1 பாகை என்று விதித்திருந்தால், அதே எதிர்காலம் ஒரு சாதாரணப் பியானோவுக்குள் அடங்கியிருக்கும். திகைப்பின் ஒரு பகுதி இயற்கையிலிருந்து வருகிறது. மறுபகுதி இசையமைப்பாளர் தேர்ந்த விதியிலிருந்து வருகிறது. தவிர, அங்கே ஒலிப்பது பூமியின் மேற்பரப்பு வெப்பநிலை. அது ஆண்டுக்காண்டு ஏறி இறங்கித் துள்ளும். இசைக்குச் சுவை கூட்டுவதும் அந்தத் துள்ளலே. கடலின் உள்ளே சேரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டால் துள்ளல் வெகுவாகக் குறைந்து, விடாமல் ஏறும் ஒரு கோடே கேட்கும். இசையாக அது சலிப்பூட்டலாம். அறிவியலாளர்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது அந்தச் சலிப்பூட்டும் கோடுதான்.

3. அமைப்பு. கடலின் படத்தையோ எண்ணையோ எடுத்துக்கொள்ளாமல், அது இயங்கும் முறையைப் படைப்பின் கட்டமைப்பாக்குவது மூன்றாவது வழி. இங்கே இரண்டு படைப்புகளை விரிவாகப் பார்ப்பது பயன்தரும்.

முதலாவது, அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1994இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அரங்கேற்றிய 'ஓஷன்' என்னும் நடனம். வட்டமான மேடையில் ஆடுபவர்கள். அவர்களைச் சுற்றிப் பார்வையாளர்கள். பார்வையாளர்களையும் சுற்றி 112 இசைக்கலைஞர்கள். வாசிப்பை வழிநடத்த ஒருவரும் கிடையாது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தே இயங்கினார்கள். நீருக்கடியில் எடுத்த ஒலிகளையும் இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மின்னணு இசையாக அதில் கலந்தார். நடனமும் இசையும் தனித்தனியே உருவாக்கப்பட்டு 90 நிமிடம் ஒரே வெளியைப் பகிர்ந்துகொண்டன. காலநிலை மாற்றத்தைப் பற்றிய படைப்பு என்று இதைச் சொல்ல முடியாது. ஆயினும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒலி சூழ்ந்திருக்க, முன்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் ஆட்டம் நிகழ்வது, கரையில் நின்று பார்க்கும் கடலுக்கும் உள்ளிருந்து உணரும் கடலுக்கும் உள்ள வேறுபாட்டை இருக்கை அமைப்பாலேயே உண்டாக்கிவிட்டது. இப்போது காட்சிக்கூடங்களில் 'மூழ்கும் அனுபவம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பலவற்றுக்கு இல்லாத கட்டுக்கோப்பு அதற்கு இருந்தது.

இரண்டாவது, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் எழுதி 2013இல் சியாட்டில் சிம்பொனி இசைக்குழு முதன்முதலாக வாசித்த 'பிகம் ஓஷன்'. அடுத்த ஆண்டு இது இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. இதில் நடனம் இல்லை. எனினும் கடலை இசையின் அமைப்பாக்கும் முயற்சிகள் அனைத்துக்கும் இது இன்று ஓர் அளவுகோல் என்பதால் தவிர்க்க இயலாது. இசைக்குழு மூன்று பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கால அளவில் பொங்கித் தணிகிறது. சுழற்சிகள் வெவ்வேறு நீளமுடையவை என்பதால் மூன்றும் ஒருசேரப் பொங்குவது சுமார் 42 நிமிடத்தில் சில தடவை மட்டுமே. வெவ்வேறு கால அளவுள்ள அலைவுகள் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது உச்சம் விளைவது கடலியலில் அன்றாடம் காணும் செய்தி. பௌர்ணமி ஓதமும் புயல் தள்ளும் நீரும் உயர்ந்துவிட்ட சராசரி மட்டமும் ஒரே மணி நேரத்தில் சேர்வதால்தான் கரைகள் மூழ்குகின்றன.

ஆனால் இப்படைப்பு நடுவில் திரும்பி, வந்த வழியே பின்னோக்கிச் செல்லும் இருவழியொக்கும் வடிவம் கொண்டது. ஓதத்துக்கு இது மிகப் பொருத்தம். காலநிலை மாற்றத்துக்கு இது பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆழ்கடலுக்குள் இறங்கிய வெப்பம் இறங்கிய வேகத்தில் திரும்பி வராது. கரைந்த பனிப்படலம் அதே பாதையில் மீண்டும் உறையாது. கேட்பவர் தொடங்கிய அமைதிக்கே திரும்பிச் சேரும்போது கிடைக்கும் நிறைவு இசையின் வெற்றிதான். ஆயினும் நிலைமை சீராகிவிட்டது என்ற உணர்வை அது தன்னையறியாமலே தந்துவிடுகிறது. கடலை நோக்கி வடிவம் தேடும் நடன அமைப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எந்த வடிவம் அழகாக முடிகிறதோ அது காலநிலையைப் பற்றிப் பொய் சொல்லக்கூடும்.

ஒலியே வெப்பமானி

கடலும் இசையும் சந்திக்கும் இடங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று, ஒலி கடலறிவியலின் கருவியாகவே இருப்பது. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்கிறது. நீர் ஒரு பாகை சூடானால் அந்த வேகம் நொடிக்கு நான்கு மீட்டர் அளவுக்குக் கூடும். 10,000 கிலோமீட்டர் நீளப் பாதையில் சராசரி வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், ஒலி ஏறத்தாழ 18 விநாடி முன்னதாக வந்துசேரும். வந்துசேரும் நேரத்தை அளந்தால் வழியெங்கும் நீர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கணக்கிடலாம்.

இந்த எண்ணத்தின் அடிப்படையில், 1991 ஜனவரியில் கடலியலாளர் வால்டர் மங்க் தலைமையிலான குழு தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவுக்கு அருகே நீருக்கடியிலிருந்து 57 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பியது. செல்லோவின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் சற்றுக் கீழே இருக்கும் ஒலி அது. அமெரிக்காவின் இரு கரைகளிலும் அது கேட்டது. மிக நீண்ட பாதை ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர். ஓர் ஒற்றைச் சுரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பெருங்கடலின் வெப்பத்தைச் சுமந்துவந்தது என்ற செய்தியில், எந்த இசையமைப்பாளரும் கற்பனை செய்யத் தேவையில்லாத அளவுக்கு இசை இருக்கிறது.

மேடையில் ஒலிக்கும் நீரடி ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நீலத் திமிங்கிலத்தின் குரல் மனிதச் செவியின் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கும் கீழோ இருப்பதால், பதிவை வேகப்படுத்தித்தான் நமக்குக் கேட்க வைக்கிறார்கள். இயற்கையின் குரல் என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதப்படுவது பெரும்பாலும் திருத்தப்பட்ட குரல். இன்னொரு நுட்பமும் உண்டு: கடல் அமிலமாகும்போது தாழ்ந்த ஒலிகளை நீர் உறிஞ்சும் அளவு குறைகிறது, அதனால் கப்பல் இரைச்சல் போன்றவை மேலும் தொலைவு செல்ல வாய்ப்புண்டு. கார்பன் வெளியீடு கடலின் ஒலித்தன்மையையே மாற்றுகிறது என்னும் இந்த உண்மை, நேரடி இசைக்கு இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படாத மூலப்பொருள்.

பசிபிக் தீவுகள்: ஆட்டமே ஆவணமாகும் இடம்

இதுவரை பேசிய படைப்புகள், கடலைப் பொருளாக எடுத்துக்கொண்ட அரங்கக் கலைஞர்களுடையவை. கிரிபட்டி, துவாலு, டோக்கெலாவ் போன்ற பவளத் தீவுகளில் நிலைமை அடிப்படையிலேயே வேறு. அங்கே நடனமும் பாட்டும் பிரிக்கப்படாத ஒரே கலை. பதிவிசை என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் ஆடுபவர்களே பாடுகிறார்கள். வரலாறும் உறவுமுறையும் கடல்வழி அறிவும் அந்தப் பாடல்களில்தான் தலைமுறைகளாகச் சேமிக்கப்பட்டுள்ளன. கிரிபட்டி நடனத்தில் விரிந்து நீளும் கைகளும் திடுமெனத் திரும்பும் தலையும் அந்நாட்டுக் கொடியில் இடம்பெற்றிருக்கும் போர்க்கப்பல் பறவையின் அசைவுகளை ஒத்தவை.

துவாலுவிலும் டோக்கெலாவிலும் ஆடப்படும் ஃபாத்தேலே இங்கே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மரப்பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் உள்ளங்கையால் தாளம் தட்ட, ஒரே பாடல் மெதுவாகத் தொடங்குகிறது. அதே வரிகள் மீண்டும் மீண்டும் பாடப்படும். ஒவ்வொரு சுற்றிலும் வேகமும் குரலும் ஏறும். உச்சத்தில் ஆட்டம் சட்டென நின்றுவிடும். தணிவு என்ற பகுதியே அதில் கிடையாது. இந்த வடிவம் காலநிலை மாற்றத்தை மனத்தில் வைத்துப் பிறந்ததன்று. அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. எனினும் கடல்மட்டத்தைப் பற்றிய புதிய சொற்கள் அதற்குள் வைக்கப்படும்போது, வேகமேறும் மாற்றத்துக்கு ஏற்ற கட்டமைப்பு ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறது. முன்பகுதியில் குறிப்பிட்ட இருவழியொக்கும் வடிவத்தோடு இதை ஒப்பிட்டால், எது இப்பொருளுக்கு நெருங்கியது என்பதில் ஐயம் எழாது.

இத்தீவுகளின் ஆட்டம் வெளியுலக மேடைகளுக்குச் சென்றதற்குச் சில முக்கியமான எடுத்துக்காட்டுகள்:

1. சமோவாவில் பிறந்த நடன அமைப்பாளர் லெமி பொனிஃபாசியோ 2010இல் உருவாக்கிய 'பேர்ட்ஸ் வித் ஸ்கைமிரர்ஸ்'. கிரிபட்டியின் தராவா தீவில் பறவைகள் அலகில் பளபளக்கும் காந்த ஒலிநாடாத் துண்டுகளைக் கவ்விப் பறந்ததைக் கண்டதே அதன் தொடக்கப்புள்ளி.

2. 2011இல் கிரிபட்டி, துவாலு, டோக்கெலாவ் ஆகிய மூன்று இடங்களின் கலைஞர்கள் 'வாட்டர் இஸ் ரைசிங்' என்ற பெயரில் அமெரிக்காவில் நிகழ்த்திய சுற்றுப்பயணம்.

3. பன்னிரண்டு பசிபிக் நாடுகளுக்குப் பொதுவான தென்பசிபிக் பல்கலைக்கழகம் 2013இல் ஃபிஜியின் சுவா நகரில் அரங்கேற்றிய 'மோவானா: தி ரைசிங் ஆஃப் தி சீ'. நடனமும் சேர்ந்திசையும் நாடகமும் இணைந்த இந்தப் படைப்பு 2015இல் ஐரோப்பாவுக்குச் சென்றது.

அதே பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் பயின்ற மாணவர்கள்தாம் 2019இல், காலநிலை குறித்த நாடுகளின் கடமையைப் பன்னாட்டு நீதிமன்றம் வரையறுக்க வேண்டும் என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2023இல் அக்கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது; 2025 ஜூலை 23 அன்று ஆலோசனைக் கருத்து வெளியானது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், கடல்மட்டம் உயர்வதால் மட்டுமே ஒரு நாடு தன் கடல் எல்லைகளை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. நடனம் வழக்கை உண்டாக்கியது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஒரே சமூகம் ஒரே பத்தாண்டுக்குள் தன் நிலையை ஆட்டமாகவும் மனுவாகவும் எழுதியது என்று மட்டும் சொல்லலாம். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் தீவிரமானதாகவும் மற்றதை இளைப்பாறலாகவும் கருதுவது வெளியிலிருந்து பார்ப்பவரின் பழக்கம்.

பார்வையாளரிடம் என்ன நிகழ்கிறது

2015 பாரிஸ் காலநிலை மாநாட்டை ஒட்டி நடந்த கலைவிழாவில், நார்வே ஆய்வாளர்கள் 37 படைப்புகளைப் பார்த்த 874 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். அழிவையும் அச்சத்தையும் முன்வைத்த படைப்புகளைவிட, தீர்வு ஒன்றை வியப்பூட்டும் வகையில் காட்டியவையே உணர்வையும் சிந்தனையையும் அதிகம் தூண்டின என்பது அவர்களின் முக்கியக் கண்டறிதல். படைப்பைப் பார்த்த இடத்திலேயே கேட்ட கருத்து அது என்பதை மறந்துவிடக் கூடாது. வீடு திரும்பியபின் யார் என்ன செய்தார்கள் என்பதை அத்தகைய ஆய்வு அளப்பதில்லை. பார்க்க வந்தவர்களும் ஓரளவு முன்னரே அக்கறை கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். கலை மனத்தை மாற்றும் என்ற பெருங்கூற்றுக்கு இவ்வளவு சான்று போதாது. கலையால் பயனில்லை என்பதற்கும் இதில் சான்றில்லை.

பயணத்தின் கணக்கு

இப்படைப்புகள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுள் வலுவானது ஒன்றுண்டு: கடலைக் காக்கச் சொல்லும் குழு, இசைக்கருவிகளையும் மேடைப் பொருள்களையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. நேரடி இசை சேரும்போது பயணம் செய்வோர் எண்ணிக்கை இயல்பாகவே கூடும். மேலே நேரடி இசைக்காக முன்வைத்த வாதம் இந்த இடத்தில் தனக்கு எதிராகவே திரும்புகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஜெரோம் பெல் 2019இல் தம் குழுவினர் விமானத்தில் பறப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதன்பின் அவருடைய படைப்புகள் தொலைவிலுள்ள நகரங்களுக்குக் குறிப்புகளாகவும் காணொளி ஒத்திகையாகவும் சென்று, அங்குள்ள கலைஞர்களால் நிகழ்த்தப்படுகின்றன. இசைக்கு இந்த முறை இன்னும் எளிது; எழுதப்பட்ட இசையை உள்ளூர்க் குழு வாசிப்பது வெகுகாலமாக உள்ள நடைமுறை. ஒரு படைப்பைக் குறிப்பாக எழுதிவைக்க முடியுமானால், விமானச் சீட்டு இல்லாமலே நேரடி இசையையும் நடனத்தையும் தக்கவைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வழி எல்லோருக்கும் பொதுவானதாகாது. ஃபாத்தேலேயைப் பிற நாட்டுக் கலைஞர் குறிப்பைப் பார்த்து ஆடினால், அதில் பேசும் ஊர் போய்விடுகிறது. அந்தப் பாடலைப் பாடும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் எழுகிறது. துவாலுவிலிருந்து எந்தத் தலைநகருக்குச் செல்வதானாலும் நெடுந்தொலைவு பறக்க வேண்டும். உலகின் வாயு வெளியீட்டில் அத்தீவுகளின் பங்கோ ஒரு விழுக்காட்டின் மிகச் சிறிய பகுதி. ஐரோப்பியக் குழு ஒன்று விமானத்தைத் துறப்பதும், பவளத் தீவின் குழு விமானத்தைத் துறக்க வேண்டும் என்று கேட்பதும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவை ஆகா. பசுமை விதிகளை வகுக்கும் விழா அமைப்பாளர்கள் பயணத் தொலைவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால், விதிமுறைப்படி முதலில் நீக்கப்படுவது கடலைப் பற்றிச் சொல்ல மிகுதியாக உள்ள அந்தக் குழுக்களாகத்தான் இருக்கும்.